மலிவுத் தோட்டாவின் மேல் விழும் பழி

"மலிவுத் தோட்டா குழலை நாசமாக்கும். வேண்டிய நேரத்தில் வெடிக்காது." திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரில் துவக்கு உரிமம் வைத்திருக்கும் வேளாண்மைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அல்லை வட்டைகளிலும் கிளிவெட்டிப் பக்கத்திலும் வெருகல் வரைக்கும் இதே பேச்சுத்தான். உரிமம் இல்லாதவரும் சொல்கிறார். தோட்டாவைக் கையால் தொட்டே இராத பொடியனும் சொல்கிறான். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பன்றிச் சேதம் பற்றிக் கதை எழுந்தால், "நல்ல விலைத் தோட்டா கிடைச்சா எல்லாம் சரிவரும்" என்று ஒருவர் முடித்து வைக்கிறார். அதோடு கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறது.

இந்தக் கருத்து பிழையானது. அதன் முதற்பாதி எங்கள் துவக்குகளுக்குப் பொருந்தாது. இரண்டாம் பாதி பழியைத் தவறான இடத்தில் போடுகிறது. வெறும் பிழையாக மட்டும் இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அது வேளாண்மைக்காரரின் காசைத் தின்கிறது, துவக்கைக் கவனிக்காமல் விடச் செய்கிறது, கடைசியில் ஆபத்தான வழிகளுக்கு ஆளைத் தள்ளுகிறது. ஆகவே அதை அடி முதல் நுனி வரை மறுக்க வேண்டியிருக்கிறது.

எந்தத் துவக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இந்த நாட்டில் துவக்கு உரிமத்துக்கு அடிப்படை. பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமத்தை மாவட்டச் செயலாளர் வழங்குகிறார். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த உரிமத்தில் எங்கள் ஆட்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் தோட்டாத் துவக்கு. ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். நடுவில் முறித்துத் தோட்டாவைப் போட்டு மூடி, சுட்டபின் மறுபடி முறித்து வெற்றுக்கூட்டைக் கையால் எடுக்கிற வகை. தோட்டாவும் நினைத்த கடையில் நினைத்தபடி வாங்கக்கூடிய சாமான் அல்ல. உரிமத்தைக் காட்டி, அனுமதிக்கப்பட்ட இடத்தில், அனுமதித்த அளவுக்குத்தான் வாங்கலாம். தெரிவு மிகக் குறைவு. அந்தக் குறைந்த தெரிவுக்குள்தான் மலிவு, உயர்வு என்ற இந்தப் பிரிப்பு நடக்கிறது.

மலிவுத் தோட்டாவில் எங்கே காசு மிச்சம் பிடிக்கிறார்கள்? இதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தோட்டாவுக்குள் இருப்பவை ஐந்தாறு உறுப்புகள்தான். வெளியே பிளாஸ்ரிக் கூடு, அடியில் உலோகத் தொப்பி, தொப்பியின் நடுவில் கேப்பு, அதற்கு மேலே மருந்து, மருந்துக்கு மேலே தக்கை, தக்கைக்கு மேலே சன்னங்கள். விலை குறையும்போது முதலில் மாறுவது உலோகத் தொப்பி. உயர்ந்த தோட்டாவில் அது முழுப் பித்தளை. மலிவில் இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. ஒரு காந்தத் துண்டைத் தொப்பியின் ஓரத்தில் வைத்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை. அடுத்து மாறுவது சன்னம். ஈயத்தைக் கெட்டியாக்க அந்திமனி சேர்ப்பார்கள். உயர்ந்த தோட்டாவில் அது நூற்றுக்கு ஐந்தைச் சுற்றி இருக்கும், மலிவில் இரண்டு அல்லது அதற்கும் குறைவு. மூன்றாவது தக்கையின் அமைப்பு. நான்காவது பெட்டியும் அச்சும் விளம்பரமும்.

மாறாதது எது என்று கேட்டால், பெரும்பாலும் கேப்புத்தான். வெடிக்குமா வெடிக்காதா என்பதைத் தீர்மானிக்கிற அந்தச் சிறு உறுப்பைத் தோட்டா அடைக்கிற எல்லா நிறுவனங்களும் தாங்களே செய்வதில்லை. ஐரோப்பாவில் செடைற், ஃபியோக்கி போன்ற சில பெரிய நிறுவனங்கள் கேப்பும் கூடும் செய்து எத்தனையோ நிறுவனங்களுக்கு விற்கின்றன. ஒரே தொழிற்சாலையில் செய்த கேப்பு ஒரு பக்கம் மலிவுப் பெட்டிக்கும் மறுபக்கம் உயர்விலைப் பெட்டிக்கும் போகிறது. அழுத்தத்தின் எல்லையும் மாறுவதில்லை. 1914இல் பெல்ஜியத்தில் தோன்றிய சி.ஐ.பி. என்ற அனைத்துலக ஆணைக்குழு 12 போர் சாதாரணத் தோட்டாவுக்கு 740 பார் என்ற உச்ச அழுத்தத்தை வகுத்திருக்கிறது. அந்த ஆணைக்குழுவில் உள்ள நாடுகளில் விலை குறைந்த தோட்டாவும் இதே சோதனையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். சோதனைச் சாலையில் விலைச் சீட்டைப் பார்ப்பதில்லை.

இனி, மலிவுத் தோட்டாவின் அழுக்கு குழலை நாசமாக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதை எங்கள் மூத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அது உண்மை. கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகக் குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கழிவு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் இழுத்தால் துரு. பிறகு புகை குறைந்த மருந்து வந்தது. ஆனாலும் பழைய கேப்புகளில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட்டு. கறி உப்பின் இனத்தைச் சேர்ந்த உப்பு அது. சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீர் விட்டுக் கழுவாத குழல் சில நாளிலேயே செம்மண் நிறம் பிடித்துவிடும். ஆகவே "சுட்ட கையோடு குழலைக் கழுவு" என்ற பாடம் அனுபவத்தில் பிறந்தது. அதைச் சொன்னவர்களுக்கு மரியாதை செலுத்துகிறேன்.

ஆனால் 1920களின் கடைசியிலேயே ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் உப்பு மிஞ்சாத கேப்புகள் சந்தைக்கு வந்துவிட்டன. பின்னர் உலகம் முழுதும் அவையே வழக்கமாயின. இன்றைய மலிவுத் தோட்டாவிலும் அந்த வகைதான். சுட்டபின் குழலில் படிவது என்ன? கொஞ்சம் கரி, எரியாமல் மிஞ்சிய மருந்தின் சில செதில்கள், தக்கையின் பிளாஸ்ரிக் உரசிய மெல்லிய கோடு, சன்னத்தின் ஈயப் பூச்சு. மலிவுத் தோட்டாவில் இந்தச் செதில்கள் கூடுதலாக விழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழலைத் தட்டினால் உள்ளங்கையில் கொட்டும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் செதில் குழலை அரிப்பதில்லை, துருவைக் கொண்டு வருவதும் இல்லை. எண்ணெய் தொட்ட துணியை ஒரு தடியில் சுற்றி இரண்டு தடவை இழுத்தால் போய்விடும்.

அழுக்கு உண்மையிலேயே தொல்லை தருகிற துவக்கு ஒன்று உண்டு. தானாகவே வெற்றுக்கூட்டை எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகை. அதில் சுடும்போது வெளிவரும் வாயுவின் ஒரு பங்கைச் சிறு துளை வழியாக எடுத்து ஒரு பிஸ்ரனைத் தள்ளுவார்கள். அந்தத் துளையிலும் பிஸ்ரனிலும் கரி படிந்தால் துவக்கு நடுவில் நின்றுவிடும். வெளிநாட்டில் களிமண் தட்டுச் சுடும் போட்டிக்காரர்கள் மலிவுத் தோட்டாவின் அழுக்கைப் பற்றி முறையிடுவது இதனால்தான். அவர்களுடைய முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஒரு பயிற்சி நாளில் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர்கள் அவர்கள். எங்கள் வேளாண்மைக்காரர் ஒரு போகம் முழுதும் சுடுவது எத்தனை? அவருடைய முறிக்கும் துவக்கில் வாயுத் துளையும் இல்லை, பிஸ்ரனும் இல்லை. கரி படிந்து நின்றுபோக அங்கே எதுவும் இல்லை. வேறு நாட்டில், வேறு துவக்கில், வேறு வேலைக்கு எழுந்த முறைப்பாட்டைத் தூக்கி வந்து தோப்பூர் வயல் காவலுக்குச் சட்டமாக்குவது எப்படிச் சரியாகும்?

அப்படியானால் எங்கள் குழல்கள் ஏன் துருப்பிடிக்கின்றன? துவக்கை முறித்துக் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சுத் தெரிந்தால் அது தோட்டாவின் அழுக்கு. துணி போட்டால் மறையும். செம்பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக, விரலால் தடவினால் சொரசொரப்பாக, துணி போட்டபின்னும் அந்த இடத்திலேயே நிற்பது துரு. அது தோட்டா கொண்டுவந்தது அல்ல. கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்று கொண்டுவந்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டுகிறது. பெரும்போக வேளாண்மைக்குக் காவல் இருக்கிற காலமும் அதுதான். நனைந்த சாக்கால் துவக்கை மூடிக்கொண்டு பரணில் இரவு முழுக்க இருந்துவிட்டு, விடியற்காலை வந்து அப்படியே மூலையில் சாத்தி வைத்தால், அந்தக் குழல் ஒரு தோட்டா சுடாமலேயே துருப்பிடிக்கும். சுட்டால்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணமே இந்த மலிவுத் தோட்டாக் கதையின் பிள்ளை. அழுக்கு தோட்டாவில்தான் இருக்கிறது என்று நம்புகிறவர், சுடாத நாளில் துவக்கைத் துடைக்க மாட்டார்.

வெடிக்காது என்ற குற்றச்சாட்டுத்தான் கனமானது. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கும்போது துவக்கு "டிக்" என்று மட்டும் சொன்னால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும் என்பதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஒரு இரவில் அரை ஏக்கர் உழக்கப்பட்டுவிடும். ஆனால் ஆத்திரம் ஒன்று, சாட்சியம் வேறொன்று. வெடிக்காத தோட்டாவே சாட்சி சொல்லும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடத்துக்குக் குறையாமல் பொறுக்க வேண்டும். சில வேளை மருந்து பிந்திப் பற்றும். பிறகு முறித்துத் தோட்டாவை எடுத்து அடியைப் பாருங்கள். கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். பள்ளம் ஆழமாக, வட்டமாக, நடுவில் இருந்தால் துவக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது. குற்றம் கேப்பிலோ மருந்திலோ இருக்கிறது. பள்ளம் நகத்தால் கீறியதுபோல மேலோட்டமாக இருந்தால் குற்றம் துவக்கில். வில் தளர்ந்திருக்கும், அல்லது ஊசி தேய்ந்திருக்கும், அல்லது ஊசி ஓடும் துளைக்குள் பழைய எண்ணெயும் தூசும் இறுகிப் பிசினாகியிருக்கும். பள்ளம் ஓரத்தில் விழுந்திருந்தால் துவக்கின் பூட்டே ஆடுகிறது. இத்தனையும் ஒரு நிமிடத்தில் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடியவை. துவக்கு "டிக்" என்று நின்றுவிட்டதைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பள்ளம் எப்படி இருந்தது என்று திருப்பிக் கேட்டால் விடை வருவதில்லை. தோட்டாவை எறிந்துவிட்டார்கள், தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் துவக்குகளின் வரலாற்றையும் மறந்துவிடக் கூடாது. போர்க் காலத்தில் கிழக்கில் உரிமத் துவக்கு வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. ஒப்படைத்தவர்கள் உண்டு, பறிகொடுத்தவர்கள் உண்டு. 2006இல் மூதூரிலும் தோப்பூரிலும் இருந்து சனம் உடுத்த துணியோடு கந்தளாய்ப் பக்கம் ஓடியபோது எதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது? தகப்பன் மகனுக்குக் கை பிடித்துக் காட்டுகிற துவக்குப் பராமரிப்பு ஒரு தலைமுறைக்கு அறுந்துபோயிற்று. பழைய துவக்கும் புதிய கையும் சேர்ந்திருக்கிற இடத்தில் கோளாறு வருவது இயல்பு. அந்தக் கோளாறுக்கு மலிவுத் தோட்டா பொறுப்பல்ல.

பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்காத தோட்டாக்களும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது அவை எங்கே, எவ்வளவு காலம், எப்படி இருந்தன என்பது. அடுப்படிப் பரணில் சூட்டுக்கும் புகைக்கும் நடுவே. தகரக் கூரைக்குக் கீழே, கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கொதிக்கிற அறையில். காவலுக்குப் போகும்போது நனைந்த சட்டைப் பையில், வந்தபின் அதே சட்டையோடு கொடியில். தோட்டா பளபளப்பாக இருக்கட்டும் என்று அதற்கே எண்ணெய் பூசி வைப்பவரும் உண்டு. எண்ணெய் கேப்பின் ஓர இடுக்கு வழியாக உள்ளே ஊறி அதைச் சாகடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. 1960இல் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்ரிக் கூட்டைக் கொண்டு வந்ததற்கு முன்பு கூடு பெரும்பாலும் கடதாசி. ஈரத்தில் ஊதிக் குழலுக்குள்ளேயே போகாது, ஆகவே கெட்டது கண்ணுக்குத் தெரிந்தது. பிளாஸ்ரிக் ஊதுவதில்லை. வெளியே புதிது போலவே இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். விதைநெல்லை மாரி முழுக்க ஈர நிலத்தில் போட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று விதை விற்றவரைத் திட்டினால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? தோட்டாவுக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறது?

இன்னொரு செய்தி, உயர்விலைத் தோட்டாவின் பெருமையாகச் சொல்லப்படும் பித்தளையைப் பற்றியது. பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் மழைக்காலத்தில் படையினரின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் காரணம் தெரியாமல் கீறின. குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த தோட்டாக்கள் அவை. நெடுங்காலம் புரியாமல் இருந்த அந்தப் புதிருக்கு 1921இல் பிரித்தானிய உலோகவியலாளர்கள் விடை கண்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, செய்யும்போதே உள்ளே இறுக்கம் தங்கிவிட்ட பித்தளையைப் பிளக்கிறது. எங்கள் வீடுகளில் தோட்டாப் பெட்டி எங்கே இருக்கிறது? மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாமான் அறையில், ஈரம் பட்ட யூரியா மூட்டைக்குப் பக்கத்தில். அங்கேயும் அதே அமோனியாத்தான். அந்த அறையில் விலை கூடின பித்தளைத் தொப்பிக்கு உள்ள அபாயம் மலிவான இரும்புத் தொப்பிக்கு இல்லை. இரும்புக்குத் துரு வரும், அது கண்ணுக்குத் தெரியும். பித்தளையின் கீறல் தெரிவதற்குள் தோட்டா குழலில் ஏறிவிடும். காசைக் கூடக் கொடுத்தால் பாதுகாப்பும் கூடிவிடும் என்ற நம்பிக்கை இந்த அறையில் தலைகீழாகிறது.

எதிர்த்தரப்பின் நியாயங்களை மறைக்க மாட்டேன். மலிவுத் தோட்டாவின் சன்னம் மென்மையானது, குழலுக்குள் நசுங்கும், நசுங்கிய சன்னம் வழி விலகிப் பரவும். இது உண்மை. நாற்பது யார் தூரத்தில் பறக்கும் பறவையைச் சிறு சன்னத்தால் சுடுகிறவருக்கு இது பெரிய விடயம். வயல் காவலில் தூரம் அவ்வளவு இல்லை. பன்றிக்குப் போடுகிற எஸ்.ஜி. சன்னம் ஒரு அவுன்ஸுக்கு எட்டுத்தான் வரும், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றருக்கு மேல் பருமன். அந்தப் பருமனில் நசுங்கலின் பாதிப்புக் குறைவு. வெருட்டுவதற்காக மேலே வைக்கிற வெடிக்கு, அந்திமனி எத்தனை வீதம் என்பது கணக்கிலேயே வராது.

இரும்புத் தொப்பி சுட்டபின் தோட்டா அறையில் இறுகிக்கொள்ளும் என்பார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. வெடிக்கும்போது தொப்பி விரிகிறது. பித்தளை நன்றாகச் சுருங்கித் திரும்பும், இரும்பு அவ்வளவு திரும்பாது. ஆனால் வழவழப்பான தோட்டா அறையில் இது விரலால் இழுத்தால் வருகிற அளவுதான். கூட்டைக் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தால் அந்த அறையில் துருக் குழிகள் இருக்கின்றன என்று அர்த்தம். மலிவுத் தோட்டா அங்கே கோளாறை உண்டாக்கவில்லை, இருந்த கோளாறைக் காட்டிக்கொடுத்தது. அந்தக் குழிகள் உள்ள துவக்கில் பித்தளைத் தோட்டாவைப் போட்டுக் கோளாறை மூடி மறைப்பது எந்த வகையில் நல்லது?

வேகம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறுபடும், வாய் மடிப்புச் சில வேளை ஒழுங்காக இராது, ஒரு தொகுதியே கெட்டதாக வருவதும் உண்டு. இவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கெட்ட தொகுதி உயர்விலையிலும் வரும். வாய் மடிப்புப் பிரிந்தது, கேப்பு வெளியே தள்ளி நிற்பது, தொப்பியில் துரு படிந்தது, கூடு வளைந்தது, இவற்றை வாங்குகிற இடத்திலேயே கண்ணாலும் விரலாலும் கண்டு ஒதுக்கலாம். அதற்கு வேண்டியது கவனம்.

வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. அந்த இடத்தில்தான் இந்த நம்பிக்கை உயிராபத்தாகிறது. உயர்ந்த விலை என்பது பல வேளைகளில் கூடுதல் நீளம், கூடுதல் மருந்து, கூடுதல் சன்னம். எங்கள் பழைய துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் அல்லது 70 மில்லிமீற்றர். 76 மில்லிமீற்றர் மக்னம் தோட்டா அந்த அறைக்குள் மடித்த நிலையில் நுழைந்துவிடும். அதுதான் பொறி. சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலில் போய் அடைக்கும், அழுத்தம் எல்லை மீறும். துவக்கின் குழலுக்குக் கீழே அறையின் நீளம் பொறிக்கப்பட்டிருக்கும். தோட்டாப் பெட்டியிலும் நீளம் அச்சிட்டிருக்கும். இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடாமல் "எது விலை கூட, அதைத் தா" என்று கேட்கிறவர், பாட்டன் காலத்துத் துவக்கைக் கையிலேயே வெடிக்க வைக்கக் காசு கொடுக்கிறார். 28 கிராம் சன்னம் போட்ட சாதாரண மலிவுத் தோட்டா அந்தப் பழைய பூட்டுக்கும் தோளுக்கும் எவ்வளவோ மெல்லியது. ஒலிம்பிக் போட்டியிலேயே 24 கிராம்தான் அனுமதி. கனம் கூடினால்தான் நம்பலாம் என்பதற்கு ஆதாரம் எங்கேயும் இல்லை.

இந்தத் தப்பெண்ணம் வயலில் செய்கிற தீங்கை நேராகச் சொல்கிறேன். விலை கூடினதைத்தான் வாங்க வேண்டும் என்று நம்புகிறவர் குறைவாக வாங்குகிறார். குறைவாக வாங்கினதைப் பொன்போலப் பொத்தி வைக்கிறார். இரண்டு மாரி, மூன்று மாரி தாண்டியும் வைத்திருக்கிறார். அப்படி வைத்த தோட்டா ஒரு நாள் வெடிக்காமல் போகிறது. உடனே, "இதைவிட விலை கூடினது வாங்கியிருக்கலாம்" என்கிறார். நம்பிக்கையே கோளாறை உண்டாக்குகிறது. பிறகு அந்தக் கோளாறே நம்பிக்கைக்குச் சாட்சியாக நிற்கிறது.

அந்த விலைக்கு வழியில்லாதவர் என்ன செய்கிறார்? மலிவை வாங்கினால் வெட்கம், உயர்வை வாங்கக் காசில்லை. சுட்ட கூட்டில் கைமருந்து அடைத்துக்கொள்ளத் துணிகிறார். சட்டத்துக்கு வெளியே உள்ள கட்டுத்துவக்கைத் தேடுகிறார். இன்னும் கீழே போனால் ஹக்கபட்டாஸ். தீனிக்குள் மறைத்த வெடி. பன்றிக்கென்று வைத்ததை யானைக் குட்டி கடிக்கிறது. வாய் சிதைந்து, தின்ன முடியாமல், கிடந்து கிடந்து சாகிறது. இந்நாட்டில் யானைகள் சாவதற்கான முதன்மைக் காரணங்களில் ஹக்கபட்டாஸும் ஒன்று. 2023இல் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகள் இலங்கையில் இறந்தன. யானையை வெருட்ட வனசீவராசிகள் திணைக்களம் யானை வெடி கொடுக்கிறது. துவக்கை யானை மேல் நீட்டுவது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பு. பன்றிக்கு ஒழுங்கான உரிமமும், புதிய சாதாரணத் தோட்டாவும், துடைத்த துவக்கும் போதும். அது போதாது என்று சொல்லிச் சொல்லித்தான் ஏழைக் கமக்காரரை ஹக்கபட்டாஸின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

சுத்தம் பற்றித்தான் கவலை என்றால், கவலைப்பட வேண்டிய அழுக்கு வேறு இடத்தில் இருக்கிறது. மகாவலி கடலில் சேர்கிற எங்கள் பக்கம் முழுதும் சதுப்பும் வில்லும் களப்பும். சுட்ட ஈயச் சன்னம் எல்லாம் அந்தச் சேற்றில் தங்குகிறது. வாத்து இனப் பறவைகள் இரைப்பையில் அரைப்பதற்காகச் சிறு கல் பொறுக்கும். கல்லோடு ஈயத்தையும் விழுங்கி நஞ்சேறிச் சாகும். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991இல் நாடு முழுதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஈரநிலங்களில் தடையைக் கொண்டுவந்தது. உயர்விலைத் தோட்டாவிலும் பெரும்பாலும் இதே ஈயம்தான், சில வேளை கூடுதல் எடையில். தன் குழலில் படிகிற சாம்பலுக்கு முகம் சுழிக்கிறவர், தன் பிள்ளை இறங்குகிற வயலில் விழுகிற ஈயத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை.

ஆகவே எங்கள் கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்வி "எது விலை கூட?" அல்ல. அரசின் கட்டுப்பாட்டில் விற்கப்படும் பொருளுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் தொகுதி எண்ணும் செய்த ஆண்டும் வாங்குகிறவரின் சீட்டில் எழுதப்பட வேண்டும், அப்போதுதான் கெட்ட தொகுதியைக் கண்டுபிடித்துத் திருப்ப முடியும். உரிமம் புதுப்பிக்கும்போது கடதாசியோடு துவக்கையும் ஒரு ஆயுதத் தொழிலாளி பார்க்க வேண்டும். ஊசி, வில், பூட்டு, தோட்டா அறை, இந்த நான்கையும் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும். கமநல சேவை நிலையங்கள் பெரும்போகம் தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கித் தோட்டாவை எப்படிக் காற்றுப் புகாத பெட்டியில், அடுப்பும் யூரியாவும் தொழுவமும் இல்லாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது என்று காட்ட வேண்டும். கமக்காரர் அமைப்புகள் வெடிக்காத தோட்டா ஒவ்வொன்றையும் எறியாமல் பள்ளத்தைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒரு போகம் இதைச் செய்தால் போதும். குற்றம் துவக்கிலா, வைப்பிலா, தோட்டாவிலா என்று எங்கள் கையிலேயே கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு மலிவுத் தோட்டாவைக் குற்றவாளி என்று காட்டினால் அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. அந்தக் கணக்கு வரும்வரை, குறைந்த விலைக்குச் சட்டப்படி புதிய தோட்டா வாங்கித் தன் வேளாண்மையைக் காக்கிற ஏழைக் கமக்காரரைப் பார்த்து "நீ அழுக்கை வாங்கினாய்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.